வான்மட்டம்

உன்னிச்சைக் குளக்கட்டின் அடியில் ஒரு கல்,
அதில் வெள்ளைப் பெயின்ரில் அடிக்கணக்கு.
டோர்ச் அடித்து வாசித்து
மட்டக்களப்புக் கந்தோருக்குச் சொல்வது என் உத்தியோகம்.
கோடையில் நாளுக்கு ஒருக்கா,
மார்கழியில் மணிக்கு ஒருக்கா.

இரவு எட்டுக்கு நியூயோர்க் திறக்கும்.
குவாட்டர்சில் வடக்கு யன்னலில் மட்டும்தான்
சிக்னல் இரண்டு கோடு விழும்.
அதில் நின்றபடியே வாங்குவேன், விற்பேன்.

அங்கேயும் கோல்தான்.
ஒரு பங்கை இன்ன நாளுக்குள் இன்ன விலைக்கு
வாங்கிக்கொள்ளும் உரிமைக்கு அந்தப் பெயர்.
காணிக்கு அச்சாரம் கொடுத்தவன் போல:
எடுத்தால் எடுக்கலாம்,
விட்டால் அச்சாரம் போகும்.

போன வருசம் ஒற்றைக் கோலாய் வாங்கி
நாலு தரம் விட்டேன்.
சுகிர்தமலர் தன் வெறுங்கையைப் பற்றி
இன்னும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இம்முறை, உரம் செய்கிற கம்பனி ஒன்று.
ஐம்பது டொலர்க் கோலை மூன்றுக்கு வாங்கினேன்.
அதே வெள்ளிக்கிழமை முடிகிற
ஐம்பத்தைந்துக் கோலை ஒன்றுக்கு விற்றேன்.
பட்டியலில் ஒரே நிரல்,
ஒன்றுக்கு மேலே மற்றது,
கல்லில் எழுதின அடியும் அடியும் மாதிரி.
அதனால்தான் செங்குத்து என்கிறார்களாக்கும்.
கையை விட்டுப் போனது இரண்டு.
ஒரு கோலுக்கு நூறு பங்கு; ஆக இருநூறு டொலர்.

ஐம்பதுக்குக் கீழே கிடந்தால் அந்த இருநூறும் சரி,
அதற்கு மேல் ஒரு சதமும் என்னிடம் கேட்க முடியாது.
ஐம்பத்திரண்டில் போட்டது கைக்கு வரும்.
ஐம்பத்தைந்தில் முந்நூறு இலாபம்.
அங்கிருந்து மேலே எவ்வளவு ஏறினாலும்
அது நான் ஒரு டொலருக்கு விற்ற வான்.

பேரின்பம் என்னோடு கதவு திறக்கிறவன்.
"மறுகா என்னத்துக்கு மேல்கோல வித்த நீ?
ஏறுமெண்டுதானே வாங்கின?"
"அச்சாரம் குறையத்தான்."
"ஓம், ஓம்" என்று பீடியைப் பற்றவைத்தான்.
நம்பாதவன் சொல்லுகிற ஓம்.

வெள்ளி இரவு.
இருபத்தெட்டு மணித்தியாலமாய் விடாத மழை.
பத்தரைக்குக் கல் முப்பத்திரண்டு அடி எட்டு அங்குலம்.
பங்கு ஐம்பத்தொன்று நாற்பது.
பதினொன்றரைக்கு ஆரோ ஒரு பெரிய ஆள்
அந்தக் கம்பனியையே விலை பேசுகிறான் என்று செய்தி.
ஐம்பத்தாறு.
நான் போனை யன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன்.
ஐம்பத்தொன்பது,
நனைந்த கண்ணாடியில்
அறுபத்துமூன்று.

கழித்துப் பார்த்தேன்.
ஒற்றைக் கோலாய் விட்டிருந்தால் ஆயிரம்.
எனக்கு முந்நூறு.
என் மேல்கோலை வாங்கிய அந்த முகம் தெரியாத ஆளுக்கு
இப்போது பகல் ஒரு மணி.
சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பி நிற்பாரா?
ஒன்றைக் கொடுத்து எட்டு எடுத்தவர்,
பெண்ணாகவும் இருக்கலாம்,
அவருக்கும் ஒரு காப்புச் சோடி இருந்திருக்கலாம்.

எஞ்சினியரின் அழைப்பு அதற்குள் விழுந்தது.
"மூண்டு வான்கதவும். நாலு அடி. இப்பவே."

சில்லு பிடித்துச் சுற்றினோம்.
கீழே கறுப்பாய் ஓர் இரைச்சல் எழும்பி
ஆயித்தியமலைப் பக்கம் திரும்பியது.
விடிந்தால் வலையிறவு வீதிக்குப் படகு விடுவார்கள்.
ஆடியில் அரை அங்குலத்துக்காக
வட்டவிதானை என் சட்டையைப் பிடித்த தண்ணீர்தான் இது.
வாவிக்குப் போகிறது.

"எவ்வளவு போச்சு?" என்றான் பேரின்பம்,
மழைக்கு மேலால் கத்தி.
"எழுநூறு."
"கன அடியா?"
"டொலர்."
அவனுக்குக் கேட்கவில்லை,
அல்லது கேட்டது.

இரண்டரைக்குச் சந்தை மூடியது.
மேல்கோலும் கீழ்கோலும் ஒன்றையொன்று தின்று முடித்து
முந்நூறு மிஞ்சிக் கிடந்தது.
சிறிய காசு இல்லை.
ஒரு காப்புக்குக் காணும், சோடிக்குக் காணாது.

மூன்று மணிக்குக் கல்லை வாசித்துவிட்டு வந்து
கந்தோர்ப் புத்தகத்தில் நீர்மட்டம்
அறுபத்துமூன்று அடி என்று எழுதினேன்.
பிறகு கண்டு, வெட்டி,
பக்கத்தில் சின்னதாய்க் கையொப்பம் வைத்தேன்.