அரைக்கம்பம்

டுலூத்தில் அன்று பனி.
திங்கள் இரவு ஒன்பதரைக்கு
டிவியில் சமையற்காரன் பென்வெலைக் கொன்றுவிட்டார்கள்.
குண்டுகூட இல்லை, ஜீப் கவிழ்ந்ததாம்.
காட்டவுமில்லை.
கூடார வாசலில் யாரோ
ஒரு தாளை வாசித்தார்கள், அவ்வளவுதான்.
பின்னணிச் சிரிப்பொலியை
அன்றைக்கு மட்டும் அணைத்து வைத்திருந்தார்கள்.

நடிகனுக்குச் சம்பளத் தகராறு,
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
அடுத்த மாதமே சோப்பு விளம்பரத்தில் வருவான்.
தெரிந்தும்
வங்கிக் கவுண்டரில் ஆர்டிஸ் லுண்ட்கிரென்
ஒரே கட்டு நோட்டை நான்கு முறை எண்ணினாள்.
பள்ளிப் பேருந்தில் யாரும்
அவன் சூப்பைக் கேலி பண்ணவில்லை.
'பூட்ஸ் ஊறின தண்ணி' என்பார் மேஜர்,
வாரம் தவறாமல்,
இரண்டாவது கிண்ணத்தை நீட்டிக்கொண்டே.

ஹார்டுவேர் கடை வெர்ன் தல்பெர்க்
நிஜமாகவே அந்தப் போருக்குப் போனவர்.
தொடர் பார்ப்பதில்லை.
'அங்கே எவனும் இப்படி வாயாடவில்லை,
குளிரில் பல் கிட்டிப்போயிருந்தது' என்பார்.

செவ்வாய்க் காலை
அவர் கடைக்கொடி பாதிக் கம்பத்தில்.
'யார் செத்தது?' என்றான் தபால்காரன்.
'கயிறு உறைந்துவிட்டது' என்றார் வெர்ன்,
கையுறையை உதறியபடி.

மதியம் நல்ல வெயில்.
கூரைப் பனியெல்லாம் சொட்டியது.
கயிறு மட்டும் இளகவில்லை.