நான்கு விரற்கடை

வூச் என்றால் எங்கள் மொழியில் படகு.
ஊருக்குள் கண்ணில் படும்படி ஒரு நதி இல்லை.
ஓடைகளையெல்லாம் குழாயில் அடைத்து
மேலே நெசவாலை கட்டினார்கள்.
ஆலைகளும் மூடிப்போன பிறகு
அதில் ஒன்றில் நாங்கள் செட் போட்டோம்.

என் வேலை தொடர்ச்சி.
முந்தைய ஷாட்டில் கோப்பையின் காது
எந்தப் பக்கம் பார்த்தது,
சிகரெட்டில் எவ்வளவு சாம்பல்,
ஈரக் கூந்தல் எத்தனை ஈரம்,
எல்லாம் என் நோட்டில் இருக்கும்.
முப்பது வருஷத்தில் ஒரு பொத்தான்கூட
என்னைத் தாண்டித் தப்பியதில்லை.

இயக்குநர் ஸெமோவித் சொன்னார்:
"தினமும் ராத்திரி சுவரை
நான்கு விரற்கடை உள்ளே தள்ளுவோம்.
பார்ப்பவன் கண்ணுக்குத் தெரியக் கூடாது,
முதுகுக்குத் தெரிந்தால் போதும்.
யாக்னாவிடம் சொல்ல வேண்டாம்."

யாக்னா நடிகை. கதைப்படி
ஓர் அறையில் தனியாக
வராத கடிதத்துக்குக் காத்திருப்பவள்.
பேய் கிடையாது. கத்தி கிடையாது.
தயாரிப்பாளருக்கு அதுதான் கவலை:
இது திகில் படமா, மனசு பற்றிய படமா,
போஸ்டருக்கு எந்த நிறம்?
பயம் கதவுக்கு வெளியே நின்றால் சிவப்பு,
மண்டைக்குள் நின்றால் சாம்பல், என்றார்.
ஸெமோவித் தேநீரில்
எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே இருந்தார்,
தோல் மட்டும் மிஞ்சும்வரை.

ஆறாம் நாள்
நாற்காலியில் உட்கார்ந்தவள்
கால்களை மடக்கிக்கொண்டாள்.
யாரும் மடக்கச் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் என்னிடம் வந்தாள்.
"போகுமிலா, இந்த ஜன்னல்
முன்பும் இவ்வளவு கிட்டவா இருந்தது?"
போலராய்டை எடுத்துக் காட்டினேன்.
அன்று காலையில் எடுத்த படம்.
கீழே முதல் நாள் தேதியை
என் கையால் எழுதியிருந்தேன்.
"பார், அப்படியேதான் இருக்கிறது."
அவள் படத்தைப் பார்க்கவில்லை.
தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
அதுதான் வளர்ந்துவிட்டது போல.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.
மொத்தப் படத்திலும் சிறந்த டேக் அது.
டிக்கெட் வாங்குகிறவர்கள்
அந்த முகத்துக்குத்தான் காசு கொடுப்பார்கள்.

கடைசி நாள், சாமான்களைக் கட்டும்போது
தச்சன் ரடோமிர் ஒதுங்கி வந்து சொன்னான்:
"பதினோராம் ராத்திரி நான் வரவில்லை அம்மா.
மகளுக்குக் காய்ச்சல்.
கூலியில் பிடித்துவிடாதீர்கள்."

நோட்டைப் புரட்டினேன்.
பதினொன்று: நான்கு விரற்கடை.
என் கையெழுத்து, என் பச்சை மை.
நாடாவை எடுத்துச் சுவரை அளந்தேன்,
முதலிலிருந்து கூட்டினேன்.
கணக்கு சரியாக இருந்தது.
தவறியிருந்தால்
வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

யாக்னா ஒப்பனையைக் கலைத்துக்கொண்டிருந்தாள்.
சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்:
சுவர் நகர்ந்தது, நாங்கள்தான் நகர்த்தினோம்,
ஒரு ராத்திரி தவிர.
அந்தக் கடைசி வார்த்தைகளை
எந்தக் குரலில் சொல்வது?
அதற்குள் அவளே கண்ணாடியிடம் சொன்னாள்:
"அன்றைக்கு நீங்கள் அந்தப் படத்தைக் காட்டியதும்தான்
எனக்கு மூச்சு வந்தது.
அறை நன்றாகத்தான் இருக்கிறது,
கோளாறு எனக்குத்தான் என்று தெரிந்தது.
அதையாவது மாத்திரையில் தீர்க்கலாம்."

பஞ்சை எடுத்துக் கொடுத்தேன்.

டிராமில் வரும்போது
தரைக்கடியில் தண்ணீர் ஓடும் சத்தம்.
எதிர் இருக்கைக்காரன் நிம்மதியாகத் தூங்கினான்.

வீட்டில், கோட்டை மாட்டக் கை நீட்டினேன்.
முழுக்க நீட்டவில்லை,
அதற்குள் ஆணி வந்துவிட்டது.
நாடா பையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.
விளக்குப் போடாமல் உட்கார்ந்தேன்,
கால்களை மடக்கிக்கொண்டு.