நாளையைக் கூப்பிடு

ஜிலினாவில் பிப்ரவரி. ஏழாம் மாடி.
ஹீட்டர் மேல் என் நீச்சல் துண்டு காய்கிறது.
மேசையில் ஸ்கலிட்சாவில் செய்த டிடாக்டிக்,
எட்டு பிட் கம்ப்யூட்டர்,
எம் விசையை மட்டும் இரண்டு தரம் குத்தவேண்டும்.

வெண்டெலின் மூன்று கேசட்டோடு வந்தான்.
மூன்றிலும் அசெம்ப்ளர்.
"எது வேகம்?"
பல் செட் செய்கிறவன் அவன்,
அரை மில்லிமீட்டருக்கு அழுகிறவன்.
நான் நீச்சல் பயிற்சியாளர்.
வேகத்தைப் பற்றி எனக்குக் கருத்தெல்லாம் கிடையாது,
கழுத்தில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது.

சோதனைக்கு எடுத்தது ஸ்டிபோர் பாதியில் விட்ட விளையாட்டு.
பனியில் ஒரு நரி ரயிலைத் துரத்தும்.
ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரி.
நரி ரயிலைத் தொட்டவுடன்
திரை வெளுத்து, இயந்திரம்
இப்போதுதான் கடையிலிருந்து வந்ததுபோல விழிக்கும்.
ஏனென்று எங்களுக்குத் தெரியவில்லை.

முதல் அசெம்ப்ளர்
ஒவ்வொரு பெயரையும் பட்டியலின் தலையிலிருந்து தேடியது,
விருந்து கலைந்த வாசலில்
தன் ஜோடி பூட்ஸைத் தேடுகிறவன் மாதிரி.
தொண்ணூற்று நான்கு விநாடி.
என் சின்னப் பெண்கள் அதற்குள்
நூறு மீட்டர் பட்டர்ஃப்ளை முடித்துத் தண்ணீர் குடித்திருப்பார்கள்.

இரண்டாவது நாற்பத்தொன்று.
இடம் போதாமல் திரையின் நினைவகத்தையே கடன் வாங்குகிறது.
வேலை முடியும்வரை
கண்ணாடி முழுக்க எறும்பு.

மூன்றாவது, நாம் வரியைத் தட்டும்போதே
மென்று சுருக்கி வைத்துக்கொள்கிறது.
பந்தயத்துக்கு முந்தின இரவே பாதி தூரம் நீந்திவிட்டு
மறுநாள் வந்து விசிலுக்கு நிற்கிறது.
ஏமாற்று என்றேன்.
தயாரிப்பு என்றான் வெண்டெலின்.

ஆனால் வேறொருவர் மென்றதை அது வாங்காது.
முழுவதையும் மறுபடி தட்டவேண்டும்.
எண்பத்தைந்து விநாடி மிச்சம் பிடிக்கப்
பதினொரு இரவு தட்டினோம்.
எம் வரும் இடமெல்லாம் இரண்டு குத்து.
இதைக் கணக்கு என்று யாரிடமும் சொல்லமுடியாது.

பன்னிரண்டாம் இரவு
வாட்சை அழுத்தினேன். ஒன்பது விநாடி.
நின்றது. முடிந்து அல்ல, மறுத்து:
வரி 1611. ஸாய்ட்ரா. இப்படியொரு பெயர் இல்லை.

ஸாய்ட்ரா என்றால் எங்கள் மொழியில் நாளை.
'நாளையைக் கூப்பிடு' என்று எழுதியிருந்தான் ஸ்டிபோர்.
அது எங்கே இருக்கிறதென்று எங்கும் எழுதவில்லை.
மற்ற இரண்டும் தெரியாத பெயருக்கு
வாய் திறக்காமல் பூஜ்யத்தைப் போட்டுவிட்டன.
பூஜ்யத்தைக் கூப்பிட்டால்
இயந்திரம் பிறந்த இடத்துக்கே போய்விடும்.

இரவு பதினொன்றுக்கு ப்ர்னோவுக்குப் போன் செய்தோம்.
ஸ்டிபோர் இப்போது லிஃப்ட் பழுது பார்க்கிறான்.
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.

"எண்பத்தொன்பது நவம்பர்" என்றான்.
"டேப்பிலிருந்து ஏற்றி முடிக்க நான்கு நிமிடம் ஆகும் எனக்கு.
அந்த நான்கு நிமிடத்தில் ஜன்னல் பக்கம் போனேன்.
கீழே எல்லாரும் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு
சதுக்கத்துக்கு நடந்தார்கள்.
நானும் சாவியை எடுத்தேன்.
அப்புறம் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை."

"அந்த வரியில் என்ன நடக்கவேண்டும்?"
"நரி ஜெயிக்கும் என்று நினைத்திருப்பேன்.
இல்லை, ரயில்.
இப்போது எந்த அசெம்ப்ளர்?"
"ஒன்பது விநாடி."
"நல்ல வேளை" என்றான்,
"அன்றைக்கு என்னிடம் அது இல்லை."

போனை வைத்தபின் சண்டை.
நரிக்குக் கொடியும் இசையும் வேண்டும் என்றான் வெண்டெலின்.
எனக்குக் காலை ஐந்தரைக்குக் குளத்தில் வகுப்பு.
நாளை என்ற பெயருக்குக் கீழே
ஒரே ஒரு கட்டளை போட்டேன்: திரும்பு.
ஒரு பைட். இருநூற்றொன்று.

மூன்றாவது கேசட்டில் பென்சிலால் 'இது' என்று எழுதிவிட்டு
ஆட்டத்தை ஓட்டினோம்.
நரி ரயிலைத் தொட்டது.
ஒன்றும் ஆகவில்லை.
ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு
அது மறுபடி ஓடத் தொடங்கியது.
வெண்டெலின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.