இரண்டாம் பொத்தான் துளை

பெர்லின் என்று இருந்த ஊர்.
ஒரு யுத்தத்தின் நடுவில் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு
கிச்சனர் என்று எழுந்தது.
கிங் தெருவில், சாவி வெட்டும் கடைக்கும்
பல் வைத்தியருக்கும் நடுவே
செத்தவர்களின் படங்களுக்கு நிறம் பூசுவது என் தொழில்.

பெப்ரவரி. கதவைத் திறந்தால் உப்புச் சேறு.
கெர்லிண்ட் வோஸ் கையுறையைக் கழற்றாமலே
பிஸ்கட் டின்னிலிருந்து பாட்டனாரை எடுத்து
மேசையில் வைத்தார்.
அட்டையின் கீழே ஹம்பர்க், 1917.
வரைந்த தூண், வரைந்த ஏரி,
நிஜமான பூட்ஸ்.
இரண்டாம் பொத்தான் துளையிலிருந்து
சரிந்து இறங்கும் ஒரு விரற்கடை நாடா.

"பேக்கர். படைக்கு ரொட்டி சுட்டார்.
யாரையும் சுடவில்லை."
அவர் சொன்ன ஆங்கிலத்தில் அவை இரண்டு வினைகள்.
எனக்குள் வந்து சேரும்போது ஒன்றாகிவிட்டன.

ஸ்கேனரை முழு நுணுக்கத்துக்கு ஏற்றினேன்.
நடுவில் வெள்ளை, இரு பக்கமும் கறுப்பு.
கறுப்புக்கு வெளியே இன்னுமொரு வெள்ளை இழை ஓடினால்
அது இரும்புச் சிலுவையின் நாடா,
சண்டைக்குப் போகாதவர்களுக்குக் கொடுத்த வகை:
எழுத்தர், மருத்துவர், ரொட்டிக்காரர்.
அவருடைய கதைக்கு அந்த ஓர் இழை போதும்.

இழை இல்லை.
கறுப்பு விளிம்புவரை போய் நின்றது.

அப்படியென்றால் அது கறுப்பே இல்லை.
அந்தக் காலத்துத் தகட்டுக்குச் சிவப்புத் தெரியாது.
நீலம் வெளுக்கும், சிவப்பு கறுக்கும்.
பாட்டனாரின் கண்கள் பனியாய் வெறிச்சிட்டதும்
உதடு மைபோல் இருண்டதும் அதனால்தான்.
வெட்சி சூடி ஒருவன் அந்தக் கமராவின்முன் நின்றிருந்தால்
காக்கை நிறத்தில் விழுந்திருக்கும் அவன் பூ.
தும்பை மட்டும் தும்பையாய் இருந்திருக்கும்.
ஆநிரை கவரப் போகிறானா, மீட்கப் போகிறானா,
தலையில் உள்ள பூவை வைத்தே சொல்லிவிட்ட மொழி என்னுடையது.
நானோ ஒரு நாடாவின் ஓரத்தில்
மூக்கு முட்ட இரண்டு மணித்தியாலம்.

"வெள்ளை, ஓரம் சிவப்பு. அவருடைய நகரம் கொடுத்த சிலுவை."
"எதற்குக் கொடுத்தார்கள்?"
"போரில் செய்த சேவைக்கு."
"ரொட்டியும் சேவைதானே?"
"சேவைதான்."
"சுட்டதும்?"
நான் தூரிகையின் அளவை மாற்றிக்கொண்டிருந்தேன்.
"சரி, சிவப்பே பூசு" என்றார்.
நாற்பது டொலர், வரி தனி.

அடுத்த கிழமை டின்னின் அடியில் கிடந்த இன்னொன்று.
அதே ஆள். தாடை தடித்து, வேறொரு சீருடை.
இடப் பக்கம் சட்டைப்பைக்கு மேல் சின்னப் பட்டை,
பழைய சிவப்பு அதிலே இப்போது மெல்லிய சாம்பல்.
வலப் பக்கம்
ஒரு பறவை சிறகு விரிக்கிற அகலத்துக்கு
வெறும் காகிதம்.
சவரக் கத்தி. பொறுமையான கை.
பக்கத்துப் பொத்தானில் ஒரு கீறலும் இல்லை.

"அம்மா சுரண்டினா. கப்பல் ஏற முதல்.
இதில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும்,
எனக்கும் தெரியும். என்ன நிறம்?"

எங்கள் வீட்டில் ஒரு கலியாணப் படம்.
நாலு பேர் நிற்கிறார்கள்.
ஐந்தாவது ஆளின் கை மட்டும்
பெரியண்ணையின் தோளில் கிடக்கிறது.
ஓமந்தைச் சாவடிக்கு முதல்நாள் இரவு
குப்பி விளக்கில் கத்தரித்தது நான்.
அந்தக் கையை வெட்டப் போனால்
அண்ணையின் கழுத்தும் போகும். விட்டுவிட்டேன்.

அதை இவரிடம் சொல்லவில்லை.
துணியின் பச்சைச் சாம்பலால் மூடவா,
காகிதமாகவே விடவா என்று மட்டும் கேட்டேன்.

அவர் கையுறைகளைக் கழற்றினார்.
பார்க்கிங் மீட்டரில் இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்று
கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு
திரையைப் பார்த்தபடி இருந்தார்.