பிஸ்கட் பெட்டிக்குள் பஸ்மியா

முந்நூறு பிரதி அடித்தாள் பஸ்மியா.
வெளியீட்டன்று நிந்தவூரில்
வாடகைக் கதிரை நூற்றிருபது.
வந்தவர் பத்தொன்பது பேர், அதில் நாலு பேர்
மழைக்கு ஒதுங்கியவர்கள்.
மிச்சப் புத்தகமெல்லாம்
அவள் கட்டிலுக்குக் கீழே.
"கனவில வந்து கணக்குக் கேக்குது" என்றாள்.
கணக்கு ரீச்சர்தானே, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நான் பிஸ்கட் கம்பனி வான்காரன்.
திங்களும் வியாழனும்
மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை
கடை கடையாய் இறங்கி ஏறுகிறவன்.
கிறீம் கிறக்கர் பெட்டியொன்று வெறுமையாய்க் கிடந்தது.
"இதுக்க நாப்பது போடுங்க" என்றேன்.
அவ்வளவுதான்.
பெரிய மனசு என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்,
மீதியையும் கேளுங்கள்.

அன்றிரவு கல்லடியில் வானை நிறுத்தி
உள் லைட்டைப் போட்டுக்கொண்டு ஒன்றைப் பிரித்தேன்.
முப்பத்தோராம் பக்கம்.

    கடல் வந்துபோன வீட்டில்
    கதவு மட்டும் நிற்கிறது,
    யாராவது தட்டுவார்கள் என்று.

அந்தக் கதவு என்னுடையது.
நாவலடியில் நின்றது.
நீல பெயின்ற், கீழ்க் கொளுக்கி கழன்றது.
எத்தனையோ வருடமாய் அதை எழுதப் பார்க்கிறேன்.
கொப்பியில் கதவு வரும், கடல் வராது,
கடல் வந்தால் நான் எழும்பிப் போய்விடுவேன்.
இவள் மூன்று வரியில்
சாத்திவிட்டுப் போயிருக்கிறாள்.

அடுத்த வியாழன் ஒரு புத்தகமும் விற்கவில்லை.
விற்கவில்லை என்றால்
வெளியே எடுக்கவில்லை.
பெட்டிக்கு மேலே வேறு பெட்டி, அதற்கு மேலே இன்னொன்று.
"எப்பிடிப் போகுது?" என்று கேட்டாள்.
"சனம் வாசிக்கிறல்ல" என்றேன்.
சனத்தின் தலையில் போடுவது எவ்வளவு லேசு.

ஓந்தாச்சிமடம் பாலம் தாண்டும்போது
கச்சான் மழை பிடித்தது.
வான் கூரை ஒழுகும். படங்குத் துண்டு ஒன்றுதான்.
முதலில் என் கொப்பியைத்தான் மூடினேன்.
மறுகா பிஸ்கட்டை.
கோட்டைக்கல்லாறு வந்தபிறகுதான்
பெட்டியைத் திறந்து பார்த்தேன்.
மேலே கிடந்த ஏழு
அப்பளம்போல் வளைந்திருந்தன.

கடைக்குள் கொண்டுபோய் மாவு மூட்டையில் விரித்தேன்.
தில்லையம்பலத்தார் ஒன்றை எடுத்துத் திருப்பி
"எக்ஸ்பயரி எங்க போட்டிரிக்கு?" என்றார்.
பகிடிதான்.
பதில் வராமல்
நின்ற நிலையில் முப்பத்தொன்றை வாசித்தேன்.
சத்தமாக. இரண்டு தரம்.

கிழங்கு நிறுத்த கை
தராசுக்கு மேலே நின்றுவிட்டது.
சாமான் வாங்க வந்த மனிசி
பையை நிலத்தில் வைத்தாள்.
மழை மட்டும் பேசிற்று.
"ஆர்ட பாட்டுகா இது?"

வாய்க்குள் வந்தது
"என்ட" என்று.
பல்லுக்குப் பின்னால், சூடாக.
கடையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியாது,
நிந்தவூருக்குக் கேட்காது.

"பஸ்மியாட" என்றேன்.
"நிந்தவூர். கணக்கு ரீச்சர்."
சொன்னதும் உடம்பு லேசாகும் என்று நினைத்தேன்.
ஆகவில்லை. எரிந்தது.
அந்த எரிவோடுதான்
மூன்று விற்றேன், நனைந்ததில் ஒன்றுக்கும் காசு தந்தார்.
இன்னொன்றைக் கயிற்றில் கட்டி
ஷாம்பு பைக்கற் வரிசையில் தொங்கவிட்டார்.
பில் புத்தகத்தில் மாரி கிறக்கருக்குக் கீழே
எழுதினேன்: கவிதை, 3.

பாண்டிருப்பு மருந்துக்கடை, இரண்டு.
மருதமுனையில் சாரன் கடைப் பொடியன்
காசில்லை, வாசித்துவிட்டுத் தாறன் என்றான்.
அட்டாளைச்சேனையில் ஒருவர்
புத்தகத்தை வேண்டாம் என்றுவிட்டு
முப்பத்தொன்றை மட்டும் போனில் படம் பிடித்தார்.
சாய்ந்தமருதில் சண்டை,
அது வேறு கதை.

இரண்டாவது பெட்டிக்குப் போன திங்கள்
எல்லாவற்றையும் சொன்னேன்.
மூடி வைத்த வியாழன், படங்கு,
பல்லுக்குப் பின்னால் நின்ற சொல்.
ஒன்றும் பேசாமல்
நாற்பது புத்தகத்தை எண்ணி அடுக்கினாள்.
முப்பத்தெட்டில் நிறுத்தி,

"உங்கட கொப்பி எங்க?" என்றாள்.

"இன்னும் முடியல்ல."

"முடிச்சு அடிங்க.
கட்டிலுக்குக் கீழ
இப்ப இடம் இரிக்கு."