ஒருபோதும் வேண்டாம்

வெண்டல் க்ரூகர் செத்த மூன்றாம் வாரம்
அவர் மகள் காராஜ் கதவைத் தூக்கிவிட்டு
எல்லாவற்றிலும் விலைச்சீட்டு ஒட்டியிருந்தாள்.
பனி வாரும் இயந்திரம் நாற்பது டாலர்.
தூண்டில் பெட்டி நான்கு.
எனக்கு அவரைத் தெரியாது.
என் பள்ளிப் பேருந்துக்குப் பின்னால்
ஹார்ன் அடிக்காமல் நிற்கும் ஒரு பச்சை டிரக்,
அவ்வளவுதான்.

பெட்டி நிறையப் பொய்கள்.
ஈயத்தில் வார்த்தவை, ரப்பரில் நெளிபவை,
கோழி இறகைச் சுற்றி நூலால் கட்டியவை.
ஒவ்வோர் அறையின் விளிம்பிலும்
மாஸ்கிங் டேப்பில் பென்சில் எழுத்து:
மே மாதம்.
கலங்கல்.
அல்லிக்கு மேல்.
காற்றில்லாத நாள்.
மூலையில் ஒன்று, எழுத்து அழுந்தி:
ஒருபோதும் வேண்டாம்.

மட்ஹென் ஏரிக்கு ஆழம் என்று சொல்ல ஏதுமில்லை.
நடுவில் இறங்கி நின்றாலும் சட்டைப்பை நனையாது.
சத்தம் போட்டு விழும் எதையும்
இங்கே மீன் நம்புவதில்லை.
ப்ளூகில்லுக்குச் சட்டைப் பொத்தான் அளவு வாய்;
அதனிடம் சொல்லும் பொய்யும் அதே அளவு.
நகத்தளவு ஜிக், கறுப்பு, சற்றே பாசிப்பச்சை.
தொங்கவிட்டுச் சும்மா இருக்கவேண்டும்.
சும்மா இருப்பது எனக்கு வராது.
முப்பத்தெட்டுப் பிள்ளைகளைக்
கண்ணாடியில் பார்த்தபடி ஓட்டுகிறவள் நான்.

பாஸ் வேறு. அதற்கு வாயே பாதி உடம்பு.
தெளிந்த நீரென்றால் மண்நிறப் புழு,
கொக்கி முனையைப் புழுவுக்குள்ளேயே புதைத்து;
அப்போதுதான் பாசி பிடிக்காது.
கலங்கலில் கறுப்பு. அங்கே நிறம் எதற்கு, நிழல் போதும்.
இருட்டும் நேரத்தில் அல்லியிலை மேல் ரப்பர்த் தவளை.
நீர் வெடித்ததும் இரண்டு எண்ணிவிட்டு இழு என்பார்கள்.
நான் ஒன்றிலேயே இழுத்துவிடுவேன்.

பளபளப்பெல்லாம் புதுசாகவே கிடந்தன.
அவை பிடித்தது ஒரே ஒரு ஆளை:
வெண்டலை, கடையில்.
பல் பட்டுப் பட்டுச் சாயம் போனவைதாம்
நன்றாகச் சொல்லப்பட்ட பொய்கள்.
அந்தக் கணக்கில் பார்த்தால்
பெட்டியிலேயே கெட்டிக்காரி
'வேண்டாம்' அறையில் இருந்தாள்:
கட்டைவிரல் நீள மரம்,
ப்ளூகில் போலவே தீட்டியது,
ஆரஞ்சு மார்பு, செவுளோரம் கருநீலப் பொட்டு,
வயிற்றிலும் வாலிலும் மும்முனைக் கொக்கி.
பாஸ் தின்பது ப்ளூகில்லைத்தானே.
காலையில் நான் ஏமாற்றியவனின் உருவத்தில்
மாலைக்கு ஒரு பொய்.
பிறகென்ன வேண்டாம்?

ஜூன் இரண்டாம் ஞாயிறு.
கரையோரம் ஆண் மீன்கள்
வாலால் விசிறிக் குழித்த தட்டுகள்,
மணலில், விளிம்போடு விளிம்பு தொட்டு.
ஒவ்வொன்றின் மேலும் ஒரு காவல்.
"பாஸ் இதற்கு வெளியேதான் நிற்கும்" என்றாள் லவான்,
படகின் மறுமுனையில், காபிக் குடுவையோடு.
என் வீச்சு எட்டவில்லை.
தட்டுகளின் நடுவே விழுந்தது.
விழுந்ததுதான் தெரியும், பிடுங்கியது.
வந்தது உள்ளங்கையளவு ப்ளூகில்.
அதே ஆரஞ்சு. அதே பொட்டு.
கன்னத்தின் வெளிப்புறம் குத்தி
தன் பொம்மையைச் சுமந்துகொண்டு வந்தது.

பசி இல்லை அது.
அந்த வாய்க்குள் இது எப்படியும் போகாது.
தன் வாசலில்
தன் முகத்தோடு வந்து நின்றவன்மேல் கோபம்.

மூன்று முனை. குறடு வழுக்கியது.
நான் கழற்றி முடிப்பதற்குள்
காவலில்லாத தட்டுக்குப்
பந்திக்கு முந்தியவர்கள் வந்துவிட்டார்கள்,
குஞ்சு மீன்கள், பெர்ச், அடுத்த தட்டுக்காரனும்கூட.
விட்டதும் நேராக அங்கேதான் போனான்.
எல்லோரையும் துரத்தினான்.
பிறகு சுற்றிச் சுற்றி
வாலால் விசிறிக்கொண்டிருந்தான்,
காலித் தட்டை.

லவான் எதுவும் சொல்லவில்லை.
மரத்திலிருந்த பழைய கீறல்களை எண்ண ஆரம்பித்தேன்,
பதினொன்றில் நிறுத்தினேன்.
எத்தனை ஜூன் ஆயிற்றோ வெண்டலுக்கு
அந்தப் பென்சிலை எடுக்க.

டேப்பின் ஒரு முனை உரிந்திருந்தது.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
கை ஈரம்,
ஒட்டவில்லை.