நாலு அங்குலம்

திங்கட்கிழமை எனக்கு லீவு.
ஊரெல்லாம் வேலைக்குப் போகிற நேரத்தில்
சறுக்குவண்டியில் துளைப்பானும் வாளியும் கட்டி
இழுத்துக்கொண்டு ஏரிக்கு இறங்குகிறேன்.
மைனஸ் பதினெட்டு. காற்று வடமேற்கு.
மூக்குக்குள் மயிர் உறைந்து
ஒவ்வொரு மூச்சுக்கும் முள்ளாய்க் குத்துகிறது.

இந்த நகரத்தின் பெயரைத் தமிழில் எழுதினால்
பாரி என்று வரும்.
முல்லைக்குத் தேர் கொடுத்தவன்.
இங்கே முல்லை இல்லை.
தேர் உண்டு: எட்டாம் இலக்க பஸ்.
மற்ற நாளெல்லாம் அதை ஓட்டுவது நான்.
யாருக்கும் தானம் கொடுக்க வழியில்லை,
இரவு பதினொன்றரைக்கு டிப்போவில்
கழுவி நிறுத்த வேண்டும்.

கரையோரம் முதலில் ஒரு துளை.
நாலு அங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாம் என்பார்கள்.
எனக்கு ஆறு வேண்டும்.
பயந்தாங்கொள்ளி என்று சிரிக்கிறான் மகன்.
இரண்டு பிரசவம், ஒரு விவாகரத்து,
பதினாலு வருஷம் பனிக்கால பஸ்,
எதற்கும் நான் தடிப்பு அளந்து பார்த்ததில்லை.
இதையாவது அளக்கிறேன், விடு.

ஏரி முனகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.
முதல் வருஷம் காலுக்குக் கீழே எங்கோ
பெரிய இரும்புக் கதவொன்றை இழுத்துச் சாத்துவதுபோல்
ஒரு சத்தம்.
அப்படியே குப்புறப் படுத்துவிட்டேன்.
பக்கத்துக் கூடாரத்து லோர்ன் ஓடி வந்தார்.
ஃபிரிட்ஜ் திருத்துவது அவர் தொழில்,
குளிரைப் பற்றி எல்லாம் தெரிந்த மனிதர்.
"ஐஸ் வளருது, அவ்வளவுதான்" என்றார்.
சொல்லிவிட்டு அவரும்
மெல்ல ஓரடி பின்னால் வைத்ததை நான் பார்த்தேன்.

சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு வட்டம்.
அதற்குள் கறுப்புத் தண்ணீர்,
மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்குகிறது.
நாற்பது அடிக்குத் தூண்டில் இறங்கியதும்
செய்வதற்கு ஒன்றுமே இல்லை.
அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் வருகிறேன்.
யாரும் மணி அடிக்க மாட்டார்கள்.
யாரும் அடுத்த தரிப்பில் இறங்க மாட்டார்கள்.

போன வருஷம் மாசி மாதம்
பையிலிருந்து கையுறையை உருவியபோது
வீட்டுச் சாவியும் சேர்ந்து வந்தது.
ஐஸில் ஒருமுறை துள்ளியது.
பிறகு, சத்தமே இல்லை.
லோர்ன் நூலில் காந்தம் கட்டி
அரை மணி நேரம் துழாவினார்.
யாரோ எப்போதோ தொலைத்த
துருப்பிடித்த தூண்டில்முள் ஒன்று வந்தது.
அதைத் துடைத்து என்னிடம் தந்தார்,
கணக்குச் சரி என்பதுபோல.

பூட்டு மாற்ற நூற்றி எண்பது டொலர்.
"அம்மா, இனி ஏரி நினைச்ச நேரம்
எங்கட வீட்டுக்கு வரலாம்" என்றான் மகன்.

ஆடியில் அதே இடத்துக்குக் கயாக்கில் போனேன்.
தண்ணீர்த் தொட்டிக் கோபுரமும்
ஆஸ்பத்திரிப் புகைபோக்கியும்
ஒரே கோட்டில் வரும் இடம்.
சுற்றிலும் மோட்டார் படகுகள், பாட்டு, பியர்,
மிதக்கும் பிளாஸ்டிக் வாத்தின்மேல் யாரோ ஒரு குண்டர்.
நான் வாளியில் உட்கார்ந்திருந்த இடம் இது
என்று அவரிடம் எப்படிச் சொல்வது?
துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் மிதந்தேன்.
கீழே எங்கோ என் சாவி.
அதற்குரிய பூட்டு இப்போது எந்தக் கதவிலும் இல்லை.

பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கேட்பார்கள், எந்த ஊர் என்று.
முன்பெல்லாம் ஒரு பெயரைச் சொல்லி
பிறகு அது எங்கே இருக்கிறது என்றும் சொல்வேன்.
இப்போது
இந்தத் தெருவின் கடைசி தரிப்புக்கு அப்பால், ஏரிப் பக்கம், என்கிறேன்.
சிலர் சிரிக்கிறார்கள்.
சிலர், ஐஸ் எவ்வளவு தடிப்பு என்று கேட்கிறார்கள்.

நூல் இழுபடுகிறது.
ஒரு பேர்ச், உள்ளங்கை அளவு,
மஞ்சளில் கறுப்புக் கோடு.
ஐஸில் இரண்டு துள்ளல், மூன்றாவதில் விறைக்கிறது.
மிளகும் உப்பும் போட்டுப் பொரிக்க இன்னும் நாலு வேண்டும்.

சட்டைப்பைக்குள் போன் அதிர்கிறது.
டிப்போதான். யாருக்கோ காய்ச்சல்,
இன்று மாலை நான் வர முடியுமா என்பார்கள்.
கையுறையெல்லாம் மீன் வழுவழுப்பு.
அடித்து ஓயட்டும்.